ஓர் இரவில் ஒரு மசோதாவைப் படிப்பது எப்படி?

மசோதாவின் பிரதி, அது அறிமுகமாகும் நாளுக்குக் குறைந்தது 2 நாள் முன்பாவது உறுப்பினர்கள் கைக்கு வர வேண்டும் என்கிறது மக்களவைச் சபாநாயகரின் வழிகாட்டு உத்தரவு 19பி. அமைச்சர் காரணம் எழுதிக் கொடுத்தால் சபாநாயகர் அதைத் தளர்த்தலாம். ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா 2019 ஆகஸ்ட் 5 அன்று மாநிலங்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. குற்றவியல் சட்டங்கள் மூன்றும் 2023 டிசம்பர் 12 அன்று திருத்திய வடிவில் மறுபடி அறிமுகமாயின. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை என்று வேலை முடிந்தது. 358, 531, 170 என்று மொத்தம் 1,059 பிரிவுகள்.

உறுப்பினர்கள் படிக்காமல் வாக்களிப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விட்டாலோ பதவி போகலாம். எப்படி வாக்களிப்பது என்பதைக் கட்சி முடிவு செய்துவிட்ட பிறகு 200 பக்கம் படிப்பானேன் என்று தோன்றுவது இயல்புதான். நிலைக்குழுவுக்குப் போனாலாவது யாராவது வரிவரியாகப் பார்ப்பார்கள். 15ஆவது மக்களவைக் காலத்தில் 71% மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் அது 16% ஆகிவிட்டது. ஆகவே உறுப்பினரின் உதவியாளர், நிருபர், தொழிற்சங்கத்துக்காரர், வழக்கறிஞர் என்று யாராவது ராத்திரியோடு ராத்திரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். 100 பக்க மசோதா, 2 பேர், 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு இந்த முறையைச் சொல்கிறோம்.

சரியான பிரதி

நாடாளுமன்ற இணையதளத்தில் 'அறிமுகப்படுத்தப்பட்டவாறு' என்று குறிப்பிட்ட பிடிஎஃப்பையே எடுங்கள். செய்தித் தளங்கள் போடும் நகல் வேண்டாம். மசோதாவின் பக்க ஓரத்தில் 5, 10, 15 என்று வரி எண் அச்சாகியிருக்கும். திருத்த அறிவிப்புகள் எல்லாம் "பக்கம் 4, வரி 12இல் இந்தச் சொல்லுக்குப் பதிலாக" என்ற பாணியில்தான் வரும். வேறு வடிவமைப்பில் அச்சான நகலில் குறித்து வைத்திருந்தால், மறுநாள் காலை அரசுத் திருத்தப் பட்டியல் வரும்போது எதுவும் பொருந்தாது.

இதே பெயரில் முன்பு வந்து திரும்பப் பெறப்பட்ட மசோதா உண்டா என்றும் பாருங்கள். குற்றவியல் மசோதாக்கள் 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒரு வடிவிலும் டிசம்பரில் இன்னொரு வடிவிலும் வந்தன. ஆகஸ்ட் பிரதியில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுக்கு 533 பிரிவுகள், டிசம்பரில் 531. பழைய பிரதியை வைத்துக்கொண்டு பேசுபவர் பிரிவு எண்ணிலேயே மாட்டிக்கொள்வார்.

பின்னாலிருந்து தொடங்குங்கள்

முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் வரையறைகளிலேயே நள்ளிரவு ஆகிவிடும். மசோதாவின் வாலில்தான் சாவி இருக்கிறது. முதல் 45 நிமிடத்தை அங்கே செலவிடுங்கள்.

நோக்க காரண உரை அமைச்சரின் கையொப்பத்தோடு இருக்கும். 5 நிமிடம் போதும். அரசு எதைச் சொல்ல விரும்புகிறது என்பது மட்டும் அதில் தெரியும். அதில் வராத விஷயம் உள்ளே இருந்தால் அதுதான் உங்கள் முதல் குறிப்பு. அடுத்து நிதிக் குறிப்பு. புதிதாக ஓர் ஆணையமோ வாரியமோ அமைத்துவிட்டு, கூடுதல் செலவே இல்லை என்று அது சொன்னால் சந்தேகப்படுங்கள். பிறகு, ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் பற்றிய குறிப்பு. பெயரைக் கண்டு பயந்து பலரும் தாண்டிப்போகிற பக்கம் இது. எந்தெந்த விஷயத்தை அவை முடிவு செய்யாமல் அதிகாரிகள் விதியாக எழுதிக்கொள்ளப் போகிறார்கள் என்ற பட்டியலை அரசே தொகுத்துத் தருகிறது. கட்டணம், காலக்கெடு, உறுப்பினர் தகுதி, விலக்கு எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தால், நீங்கள் படிப்பது சட்டத்தின் எலும்புக்கூடு மட்டும்தான்.

அதன்பின் கடைசி 5 பிரிவுகள். 'பிற சட்டங்களில் திருத்தம்' அங்கேதான் பதுங்கும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 44 பிரிவுகள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவை மாற்றியது கடைசிப் பிரிவான 44இன் 3ஆம் உட்பிரிவு. பழைய பிரிவில் தனிநபர் தகவலை மறுக்க நிபந்தனைகள் இருந்தன: பொதுப் பணியோடு தொடர்பில்லாததாகவோ, அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாகவோ இருக்க வேண்டும், பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரம்புரையும் இருந்தது. புதியதில் மிஞ்சியது 'தனிநபர் தகவல் தொடர்பானது' என்ற அளவிலான ஒரு வரி. செயலி, தரவு, ஒப்புதல் என்று முதல் 40 பிரிவுகளில் மூழ்கியவர் இதைத் தவறவிட்டிருப்பார்.

பழைய சட்டத்தைப் பக்கத்தில் வையுங்கள்

நீக்கப்பட்ட சொல் புதிய பிரதியில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒப்பிடாமல் படிப்பது பாதிப் படிப்புதான். அரசின் 'இந்தியா கோட்' சட்டத் தளத்தில் நடப்புச் சட்டம் திருத்தங்களோடு கிடைக்கும். ஒருவர் பழையதை உரக்க வாசிக்க, மற்றவர் புதியதில் பென்சிலால் தொடர்ந்து வரட்டும். கணினியில் இரண்டையும் ஒப்பிடும் மென்பொருள் இருந்தாலும், பிரிவு எண்கள் மாறியிருந்தால் அது பக்கம் முழுக்கச் சிவப்பாக்கிவிடும். முக்கியமான பிரிவுகளுக்கு வாசிப்பு முறையே மேல்.

ஒரு மாதிரி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167(2): 15 நாளுக்கு மேல் காவலை நீட்டிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது 'போலீஸ் காவல் அல்லாத' காவலாக இருக்க வேண்டும். புதிய சன்ஹிதாவின் 187(3)இல் அந்தச் சொற்கள் இல்லை. அதற்கு முந்தைய உட்பிரிவில், அந்த 15 நாளை முதல் 40 அல்லது 60 நாளுக்குள் மொத்தமாகவோ பகுதி பகுதியாகவோ எடுத்துக்கொள்ளலாம் என்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், போலீஸ் காவல் எவ்வளவு தூரம் நீளும் என்ற சர்ச்சை ஏன் எழுந்தது என்று புரியும். புதியதை மட்டும் எத்தனை முறை படித்தாலும் இது பிடிபடாது.

திருத்த மசோதா என்றால் இணைப்பில் பழைய பிரிவுகளின் பகுதிகளைத் தருவார்கள். திருத்தப்படும் பிரிவுகள் மட்டுமே அதில் இருக்கும். அந்தப் பிரிவைச் சுட்டுகிற மற்றப் பிரிவுகளை நீங்கள்தான் தேட வேண்டும்.

சின்ன மசோதா என்று ஏமாறாதீர்கள். சொல்லப்போனால் பெரிய மசோதாவைவிட இரண்டு பக்க மசோதாதான் ஆபத்து. தமிழ்நாடு சட்டப்பேரவையில் 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருவதுதான் அதன் சாரம். வெறும் எண்களாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. மூலச் சட்டத்தைத் திறந்தால் வார வேலை நேரம், வார விடுமுறை, தினசரி வேலை நேரம், இடைவேளை, வேலை நேரத்தின் மொத்தப் பரவல், மிகைநேரக் கூலி என்று ஒவ்வொன்றாக வரும். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 3 நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

நிதி மசோதாக்களில் இந்த வித்தை இன்னும் நுட்பமாக நடக்கும். 2018 நிதி மசோதாவில் ஒரு வாசகம்: 2016 நிதிச் சட்டத்தின் 236ஆம் பிரிவில் '2010 செப்டம்பர் 26' என்பதற்குப் பதிலாக '1976 ஆகஸ்ட் 5'. அவ்வளவுதான். 236ஐத் திறந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் வரையறையை முன்தேதியிட்டுத் தளர்த்துகிறது. புதிய தேதி, அதற்கு முந்தைய 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அந்தப் பழைய சட்டத்தை மீறி நன்கொடை வாங்கியதாக காங்கிரஸ், பாஜக இரண்டையும் தில்லி உயர் நீதிமன்றம் 2014இல் குறைசொல்லியிருந்தது. மசோதா மக்களவையில் 2018 மார்ச் 14 அன்று அமளிக்கு நடுவே விவாதமின்றி நிறைவேறியது. விதி இதுதான்: தேதியோ எண்ணோ மாறினால், அது சுட்டும் சட்டத்தையும், அந்தச் சட்டம் சுட்டும் சட்டத்தையும் திறக்காமல் நகராதீர்கள். நிதி மசோதாவாக இருந்தால், வரிக்குச் சம்பந்தமில்லாத பகுதியை முதலில் படியுங்கள். பண மசோதா என்று சான்றளித்துவிட்டால் மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். தேர்தல் பத்திரத்துக்கான திருத்தங்கள் 2017இல் அந்த வழியாகத்தான் வந்தன.

தேடல் பெட்டியில் போட வேண்டியவை

ஆங்கிலப் பிரதியில் இந்தச் சொற்களைத் தேடி, ஒவ்வொன்றும் எந்தப் பிரிவில் என்று எழுதுங்கள். 'நாட்வித்ஸ்டாண்டிங்': மற்றச் சட்டங்கள் என்ன சொன்னாலும் இது மேலோங்கும். 'ஆஸ் மே பி பிரிஸ்கிரைப்ட்': பின்னால் விதி வரும். 'டீம்ட்': இல்லாததை இருப்பதாகக் கொள்வது. 'ப்ரொவைடட்': மேலே கொடுத்ததைக் கீழே பறிக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். 'குட் ஃபெய்த்': நல்லெண்ணத்தில் செய்தது என்றால் அதிகாரி மீது வழக்குப் போட முடியாது. அதிகாரம் தரும் இடங்களில் 'ஷால்' என்றா 'மே' என்றா என்றும் பாருங்கள். குடிமகனுக்கு 'ஷால்', அரசுக்கு 'மே' என்று வரிசையாக வந்தால் அதையே ஒரு குறிப்பாக்கலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் தேடல் வேலை செய்யாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

காலையில் கொடுக்க வேண்டியது

உறுப்பினரிடம் 12 பக்க அறிக்கை கொடுத்தால் அது மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். ஒரே பக்கம், 5 குறிப்பு. ஒவ்வொன்றிலும் பக்கம், வரி, பிரிவு எண், பழைய சொல், புதிய சொல், யாருக்குப் பாதிப்பு, ஒரு கேள்வி. மசோதா நிலைக்குழுவுக்குப் போய் வந்திருந்தால் அறிக்கையின் கடைசியில் உள்ள மாறுபட்ட கருத்துக் குறிப்புகளிலிருந்து ஆறாவதாக ஒன்று சேர்க்கலாம்.

திருத்தம் கொடுப்பதென்றால் மசோதா பரிசீலனைக்கு வரும் நாளுக்கு முந்தைய நாளே அறிவிப்புப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்கலாம். அதனால் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல், முதல் 2 மணி நேரத்தில் கண்டதற்கே திருத்தம் எழுதி அனுப்பிவிடுங்கள். மசோதாவை ஆராயவென்றே உறுப்பினர்களைக் கொண்டு அமைக்கும் தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோரும் திருத்தத்தையும் அதோடு சேர்க்கலாம்.

கொறடா உத்தரவு வாக்கைத்தான் கட்டுகிறது, கேள்வியை அல்ல. ஆளும் தரப்பு உறுப்பினரும் கேட்கலாம்: "இந்த விலக்கு எந்தச் சூழலில் பயன்படுத்தப்படும் என்று அமைச்சர் விளக்குவாரா?" பதிலில் அமைச்சர் உறுதியளித்தால் அது அரசு உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏறும்; 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். எதிர்த்து வாக்களிக்க நினைப்பவர், குரல் வாக்கெடுப்பு முடிவு அறிவிக்கப்பட்டதும் தன் இருக்கையிலிருந்தே டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பதிவுசெய்யும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களின்போது, டிவிஷன் கேட்டவர்கள் இருக்கையில் இருந்தார்களா இல்லையா என்பதே பிறகு பெரிய தகராறானது.

நிறைவேறிய பின் 'நிறைவேற்றப்பட்டவாறு' பிரதியை இறக்கி, உங்கள் குறிப்புகளோடு ஒருமுறை சரிபாருங்கள். கடைசி நேர அரசுத் திருத்தங்கள் அதில்தான் முழுமையாகத் தெரியும். பிறகு முதல் பிரிவில் தொடக்கத் தேதியைப் பாருங்கள். அரசு அறிவிக்கும் நாள் என்றிருந்தால் அரசிதழைக் கவனித்து வர வேண்டும். வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கலாம் என்றிருந்தால் இன்னும் கவனம் தேவை. விதிகள் வந்ததும் ஒவ்வோர் அவையிலும் 30 நாள் வைக்கப்படும். அவற்றைத் திருத்தவோ ரத்துசெய்யவோ உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொடுக்கலாம்; வழக்கமாக, அந்த 30 நாள் முடிகிற கூட்டத்தொடருக்கு அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் அதை ஏற்க வேண்டும். அதற்குத் தேவையான பிரிவு எண்கள், முதல் இரவில் நீங்கள் குறித்த விதிகள் பட்டியலிலேயே இருக்கும்.