திருகோணமலை மணலுக்குக் குசினிக் கழிவில் கூட்டெரு

உப்புவெளி, நிலாவெளி மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்பதில்லை. போடும் பசளையும் அதனோடு கீழே இறங்கிவிடுகிறது. ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும் மக்குத்தான் அந்த மண்ணுக்கு முதல் தேவை. வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றுவதையும் முட்டைக்கோதைச் செடியடியில் தூவுவதையும் விட, எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டெருவாக்குவதே நல்லது.

முதலில் மூடியுள்ள பெரிய பழைய வாளி ஒன்றின் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு நிழலில் வையுங்கள். மூடி கட்டாயம். நகரப் பக்கம் என்றால் நாய், காகத்தோடு மான்களும் மணம் பிடித்து வந்துவிடும்.

அடியில் தேங்காய்த் தும்பைப் பரப்புங்கள். அதன்மேல் சிறிதாக நறுக்கிய மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, நொறுக்கிய முட்டைக்கோது. ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு போட வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. நைதரசன் ஒன்றுக்குக் காபன் 30 என்ற அளவில் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். பச்சைக் கழிவில் நைதரசன் கூடுதல், சருகில் காபன் கூடுதல். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம்.

சோறு, கறி, எண்ணெய், கருவாடு ஊறிய தண்ணீர் எதுவும் வேண்டாம். மீன் தலையையும் குடலையும் வாளியில் போடாமல், நடப்போகும் பாத்தியில் ஒன்றரை அடி ஆழத்தில் முன்கூட்டியே புதைத்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை கிளறுங்கள். அப்போது ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் அரிசி கழுவிய தண்ணீர் தெளியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாளி சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதங்களில் கறுத்து, பொலபொலவென்று, மழை நனைத்த மண்ணின் வாசனையோடு இருக்கும். சூடோ புளித்த வாடையோ இருந்தால் இன்னும் பொறுங்கள். பாதி மக்கியதைப் போட்டால் அது மக்குவதற்கே மண்ணின் நைதரசன் செலவாகி, இலை மஞ்சளாகலாம்.

கத்தரி, மிளகாய், வெண்டி எதுவானாலும் குழிக்கு இரண்டு கைப்பிடியை மேல்மண்ணோடு கலந்து நடுங்கள். அடியைச் சருகால் மூடுங்கள். ஜூலையில் வாளியை நிரப்பத் தொடங்கினால் ஒக்டோபர் மாரிக்கு எரு தயாராகும். முழுவதையும் ஒரே தடவையில் போட்டுவிடாதீர்கள். பெருமழை மணலிலுள்ள சத்தைக் கழுவிக்கொண்டு போகும் என்பதால், பாதியைப் பூக்கும் பருவத்துக்கு எடுத்து வையுங்கள்.