உறைபனியில், வெட்டவெளியில் கார் பேட்டரி மாற்றுவது எப்படி?

மைனஸ் 14 டிகிரி. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. எனக்கு கராஜ் கிடையாது, வண்டி எப்போதும் வெளியில்தான் நிற்கும். வெயில் காலத்தில் பேட்டரி மாற்ற இருபது நிமிடம் போதும். அன்றைக்கு மூன்று மணி நேரம் ஆனது. அதில் பெரும்பகுதியை விழுங்கியது ஒரே ஒரு இடம். அது எந்த வழிகாட்டியிலும் என் கண்ணில் படாததால்தான் இதை எழுதுகிறேன்.

பேட்டரிதானா என்று முதலில் பாருங்கள்

இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் காலி. காலியான பேட்டரியெல்லாம் செத்த பேட்டரி ஆகிவிடாது. வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள், மறுநாளே மறுபடி இறங்கினால் மாற்றுங்கள். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது. அதே நேரம் இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படுவதால் செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட அதிக கரண்ட் கேட்கிறது. அதுவரை எப்படியோ ஓட்டிவந்த பழைய பேட்டரி முதல் கடுங்குளிரில் படுத்துவிடுவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. முழு சார்ஜில் உள்ள பேட்டரி அவ்வளவு எளிதில் உறையாது. காலியான பேட்டரி மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். பக்கங்கள் உப்பியிருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ ஜம்பர் கேபிள் போடாதீர்கள், சார்ஜரும் மாட்டாதீர்கள். வெடிக்கக்கூடும்.

புது பேட்டரி வாங்கும்போது அளவும், பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மேலே அச்சிட்ட எண்களில் குளிர்ப் பிரதேசத்துக்கு முக்கியமானது சிசிஏ. மைனஸ் 18 டிகிரியில் எத்தனை ஆம்பியர் தரும் என்பதைச் சொல்லும் எண் அது. மேனுவலில் உள்ளதைவிடக் குறைவாக வாங்காதீர்கள்.

வெளியே போகும் முன்

பாதி வேலை வீட்டுக்குள்தான். 10 நம்பர், 13 நம்பர் சாக்கெட்டுகள், ராட்செட், நீள எக்ஸ்டென்ஷன், கம்பி பிரஷ், பழைய துண்டு எல்லாவற்றையும் வீட்டுச் சூட்டிலேயே வைத்திருங்கள். குளிரில் கிடந்த இரும்பு, கையுறையைத் தாண்டி விரலை விறைக்க வைக்கும். புது பேட்டரியும் கடைசி நிமிடம் வரை உள்ளேயே இருக்கட்டும்.

கையுறை விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்: உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை, மேலே ஒரு அளவு பெரிய நைட்ரைல் கையுறை. தடித்த பனிக் கையுறையோடு நட்டைப் பிடிக்கவே முடியாது. வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் விளக்குதான். குளிரில் போன் சட்டென்று அணைந்துபோகும், அதை நம்பாதீர்கள். விரல் நுனி வெளுத்து உணர்ச்சி போனால் வேலையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போங்கள். தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் மெல்லச் சூடேற்றுங்கள்.

பானெட்டைத் தாங்குவது கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தாங்குதண்டு) என்றால், குளிரில் அதன் அழுத்தம் குறையும். தலையில் விழாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக்கொடுங்கள்.

கழற்றுவது

சாவியை எடுத்து உங்கள் சட்டைப்பையில் போடுங்கள். கரண்ட் போய்வரும்போது சில வண்டிகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். கதவுகளை மூடிப் பத்து நிமிடம் காத்திருந்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். இந்த வரிசை மாறக்கூடாது. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும், நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஷார்ட் ஆகாது.

பிளாஸ்டிக் மூடிகளின் கிளிப்புகள் இந்தக் குளிரில் கண்ணாடி மாதிரி உடையும். வெந்நீர்ப் பையை மேலே இரண்டு நிமிடம் வைத்துவிட்டுத் திறங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறக்கூடும், எனவே நெருப்பை அருகே கொண்டுபோகாதீர்கள்.

பல வண்டிகளில் பேட்டரியை அடியில் ஒரு சிறு கிளாம்ப் பிடித்திருக்கும். அதன் போல்ட் பெரும்பாலும் 13 நம்பர், கைக்கு எட்டாத ஆழத்தில். சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு டேப்பை வைத்து அழுத்தினால் போல்ட் அதிலேயே பிடித்துக்கொண்டு மேலே வரும். கீழே விழுந்து பனிக்குள் போனால் தேடவே முடியாது.

என்னைச் சிக்கவைத்த இடம்

பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தேன். ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. கிளாம்ப் பேட்டரியின் அடி விளிம்பைக் கவ்வவில்லை, போல்ட்டும் மரையில் ஏறவில்லை. கடையில் தவறான அளவைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, பேட்டரியைத் தூக்கி இறக்கி, அளந்து, மறுபடி வைத்து... இருட்டியே விட்டது. கடைசியில் தலைவிளக்கைத் தாழ்த்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பேட்டரி உட்காரும் தட்டின் ஒரு மூலையில் விரற்கடை உயரத்துக்குப் பனிக்கட்டி. தண்ணீர் வடியும் துளையை இலைச்சருகு அடைத்து, தேங்கிய நீர் உறைந்திருந்தது. பழைய பேட்டரி அதற்குமுன்பே உட்கார்ந்துவிட்டதால் அது நேராக இருந்தது.

ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். அது தவறு. விறைத்த பிளாஸ்டிக் தட்டில் கீறல் விழுந்தது. வெந்நீரை ஊற்றுவதும் வேண்டாம். துளை அடைத்திருக்கும்போது அது தேங்கி மறுபடி உறையும். வெந்நீர்ப் பையைத் தட்டில் பத்து நிமிடம் வைத்து, மேலே துண்டால் மூடுங்கள். கட்டி அடியில் இளகிப் பலகை போலக் கழன்று வரும். துடைத்துவிட்டு, பழைய கம்பியால் துளையைக் குத்திவிடுங்கள்.

இந்தக் கிளாம்ப் மாட்டாமல் 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டாதீர்கள். ஒரு பேட்டரி 15 கிலோ இருக்கும். குழியில் குதித்து முனை பானெட்டில் உரசினால் தீப்பிடிக்கக்கூடும்.

மாட்டுவது

முனைக் கிளாம்புகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூவைக் காய்ந்த பிரஷால் தேயுங்கள். சமையல் சோடா கரைசல் நல்லதுதான், ஆனால் இந்தக் குளிரில் உறைந்துவிடும். முதலில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ். சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள், கிளாம்பை லேசாக விரித்துவிட்டு வையுங்கள். இறுக்கிய பின் கையால் திருப்பினால் அசையக்கூடாது. ஓடும் இன்ஜினில் ஏறக்குறைய 14 வோல்ட் காட்டினால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரி. கடிகாரம், கண்ணாடி ஏற்றும் அமைப்பு மறந்துபோயிருக்கும், அதை மேனுவலைப் பார்த்துச் சரிசெய்யலாம்.

பின்சேர்க்கை

பேட்டரி டிக்கியில் இருந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேலை முடியும்வரை டிக்கியை மூடாதீர்கள், பல வண்டிகளில் பூட்டு மின்சாரத்தில்தான் திறக்கும். பழையதில் செருகியிருந்த, வாயுவை வெளியே விடும் குழாயைப் புதியதில் மறக்காமல் செருகுங்கள்.

சிக்னலில் தானாக அணைந்து எழும் இன்ஜின் உள்ள வண்டிக்குச் சாதாரண பேட்டரி போட்ட ஒருவருக்கு அந்த வசதியே வேலை செய்யாமல் போனதாம். அவற்றுக்கு முன்பிருந்த அதே வகை, ஏஜிஎம் அல்லது இஎஃப்பி (அடிக்கடி அணைந்து எழுவதைத் தாங்கும் பேட்டரி வகைகள்), போட வேண்டும். சில மாடல்களில் புது பேட்டரியை, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் மூலம் வண்டிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். நெகட்டிவ் முனையில் சிறு கருப்புப் பெட்டி இருந்தால் அது சென்சார். அதை நெம்பாமல், கிளாம்பைப் பிடித்தே கழற்றுங்கள்.