நகரமைப்பாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரக் கமிட்டிக் கூட்டத்தில் புதிதாக வந்த இருவர் பேசியதைக் கேட்டபோது, பல வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. சந்தா கட்ட மறப்பது, கூட்டத்துக்குத் தாமதமாக வருவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை.

சொந்த வேலையை மறைத்துவிட்டுச் சங்கத்தின் பெயரில் பேசுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு வரைவு மாஸ்டர் பிளானுக்குச் சங்கத்தின் சார்பில் ஆட்சேபணை மனு தயாரித்தோம். ஓடையை ஒட்டிய நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றியிருந்தார்கள்; வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று மனை வாரியாக, வரைபடத்தோடு எழுதினோம். அதே மனுவில், வேறொரு சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று ஒரு பத்தியும் இருந்தது. எழுதியவன் நான்தான். அந்தச் சாலையோரத்தில் மனை வைத்திருந்தவர் அப்போது என் கிளையன்ட். சாலை உண்மையிலேயே குறுகல்தானே, இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விசாரணையில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஓடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, மொத்த மனுவும் காசு வாங்கி எழுதியது என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். மண்டல மாற்றம் அப்படியே நிறைவேறியது.

அவர் என் கிளையன்ட் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் சொல்லிவிட்டு, அந்தப் பத்தி விவாதத்துக்கு வரும்போது வெளியே போயிருந்தால் போதும். அமெரிக்காவில் நகரமைப்பாளர்களுக்குச் சான்று வழங்கும் ஏஐசிபி அமைப்பின் நெறிமுறைகளில், பின்பற்ற முயல வேண்டிய கொள்கைகள் தனி, மீறினால் நடவடிக்கை பாயும் விதிகள் தனி. சொந்த ஆதாயத்தை வெளிப்படுத்துவது இரண்டாவது வகையில் வருகிறது. நான் அதைப் படித்தும் இருந்தேன், அதுதான் கொடுமை.

மேடைப் பேச்சு மாதிரி மனு எழுதுவது

'பசுமை வேண்டும், மக்கள் பங்கேற்பு வேண்டும்' என்றால் அதிகாரி என்ன செய்வார்? எந்த விதி, எந்தப் பக்கம், எப்படித் திருத்த வேண்டும் என்று எழுதுங்கள்.

கடைசி நாள்வரை காத்திருப்பது

வேண்டாம்.

சான்று கிடைத்ததும் படிப்பை நிறுத்துவது

சான்று பெற்றவர்களிடம் ஏஐசிபி இரண்டு ஆண்டுக்கு 32 கிரெடிட் அளவுக்குத் தொடர் படிப்பு கேட்கிறது. சும்மா இல்லை.

சங்கம் பேசினால் ஊரே பேசியதாக நினைப்பது

அதே ஓடைதான். தண்ணீர் எதுவரை ஏறும் என்பது எங்கள் வரைபடத்தில் இல்லை. கரையில் குடியிருந்த ஒரு அம்மா வீட்டுச் சுவரில் கை வைத்துக் காட்டினார். அவரிடம் கேட்கப் போனதே மனு கொடுத்த பிறகுதான்.