துறைமுகம் பக்கம், சந்தை தூரம்

ராயபுரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கப்பல் சங்கு கோயில் மணியைப் போலப் பழகிய சத்தம். அதனாலேயே வெளிநாட்டு வியாபாரம் நாலு தெரு தள்ளி நடக்கிற சங்கதி என்று தோன்றிவிடுகிறது. மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் இருபது வருடமாக ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதிச் சுங்கப் படிவம் போட்டுவருகிறேன். எங்கள் பகுதிச் சிறு தொழில்காரர்கள் முதல் ஏற்றுமதியிலேயே கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இந்த நினைப்பால்தான்.

ஏற்றுமதி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1717 முதல் 1720 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம்தான் திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை. அவர் பெயர்தான் அப்படி மருவியது. வண்ணாரப்பேட்டையில் துணி வெளுத்தார்கள். கப்பல், கணக்கு, லண்டன் ஏலம் எல்லாம் கம்பெனியின் பாடு. இன்றோ நெசவாளரும் நீங்கள்தான், கம்பெனியும் நீங்கள்தான். தறியை மட்டும் பார்த்துக்கொண்டு கம்பெனி வேலையை அந்தரத்தில் விடுவதுதான் மூலத் தவறு. மற்றவை அதன் குட்டிகள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் துண்டு தயாரிக்கும் ஒருவருக்கு எல்.சி. வந்தது. பணமே வந்துவிட்டதைப் போல இனிப்பு கொடுத்தார். எல்.சி. என்பது காகிதங்கள் சொன்னபடி இருந்தால் மட்டுமே பணம் தருவதாக வங்கி கொடுக்கும் வாக்கு. சரக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று வங்கி பார்ப்பதில்லை. கப்பலேற்றக் கடைசி நாள் 20. அவர் பிடித்த கப்பல் 19-ஆம் தேதி. மணலியிலிருந்து கிளம்பிய டிரெய்லர் எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் இரண்டு இரவு நின்றது. துறைமுகத்தில் கன்டெய்னர் வாங்கும் நேரம் முடிந்துவிட, அடுத்த கப்பல் 26-ஆம் தேதிதான். சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் அந்தத் தேதி விழுந்ததும், வாங்குபவர் நாட்டில் உள்ள வங்கி காகிதங்களை ஏற்க மறுத்தது. வாங்குபவர் நிதானமாக விலையைக் குறைக்கச் சொன்னார். வேறு வழியில்லை, குறைத்தார். துறைமுக வாயிலுக்கு நாலு கிலோமீட்டர் தூரத்தில் நின்ற சரக்கு அது.

எல்.சி. கைக்கு வந்த அன்றே வரிவரியாகப் படியுங்கள். தேதி நெருக்கமாக இருந்தால் கன்டெய்னரை மூடும் முன்பே திருத்தம் கேளுங்கள். காகிதங்களை எத்தனை நாளில் வங்கியில் கொடுக்க வேண்டும் என்று அதில் சொல்லவில்லையென்றால், கப்பலேற்றிய நாளிலிருந்து 21 நாள்தான் கணக்கு, எல்.சி. காலாவதியாகும் தேதியையும் தாண்டக்கூடாது.

எல்.சி.யே இல்லாமல் 'டி.ஏ.' முறையில் அனுப்புவது இன்னும் ஆபத்து. பிறகு தருகிறேன் என்று வாங்குபவர் ஒரு கையெழுத்துப் போட்டாலே காகிதங்கள் அவர் கைக்குப் போய்விடும், சரக்கும் போய்விடும். முன்பின் தெரியாதவரிடம் பாதியாவது முன்பணம் கேளுங்கள். கடன் தரத்தான் வேண்டுமென்றால், வாங்குபவர் பணம் தராமல் போனால் கைகொடுக்கும் மத்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடு எடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

உணவுப் பொருள் அனுப்புகிறவர்கள் தடுக்கி விழுவது லேபிளில். இட்லிப் பொடியை எடுத்துக்கொள்வோம். அதில் எள் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எள் முக்கிய ஒவ்வாமைப் பொருள். பாக்கெட்டில் அதைத் தெளிவாகக் காட்ட வேண்டும். ஐரோப்பாவின் பதினான்கு பொருள் பட்டியலில் எள்ளோடு கடுகும் உண்டு, ஆகவே ஊறுகாய்க்காரர்களும் தப்பவில்லை. இதெல்லாம் எளிது, பெருங்காயம்தான் சூது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பொடி அரைப்பவருக்கு அது ஒரு சிட்டிகை. அமெரிக்க அதிகாரிக்கு அது லேபிளில் சொல்லாமல் விட்ட கோதுமை. நம் அம்மாக்கள் கைப்பக்குவத்தில் சேர்த்ததையெல்லாம் கிராம் கணக்கில் எழுதிப் பார்த்த பிறகே லேபிளை அச்சுக்குக் கொடுங்கள். வளைகுடா நாடுகளுக்கென்றால் அரபியிலும் வேண்டும்.

சில சின்ன விஷயங்கள். மரப் பலகையில் அடுக்கினால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய முத்திரை இருக்க வேண்டும். தெருமுனைத் தச்சரிடம் வாங்கிய பலகை அங்கே கரையிறங்காது. ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கு அரசு தரும் ஐ.இ.சி. எண்ணை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும், எதுவும் மாறாவிட்டாலும். ஐ.ஜி.எஸ்.டி. வரி கட்டாமல் சரக்கு அனுப்ப அரசுக்குத் தரும் எல்.யு.டி. உறுதிமொழியும் ஒரு நிதியாண்டுக்குத்தான். ஏப்ரல் மாதத்தில் எங்கள் அலுவலகத்தில் கேட்கும் புலம்பல் பாதி இதுதான்.

விலை சொல்லும்போது 'டி.டி.பி.' என்ற மூன்று எழுத்துக்குச் சட்டென்று தலையாட்டாதீர்கள். வாங்குபவர் நாட்டு இறக்குமதி வரி உட்பட, அவர் வாசலில் சேர்ப்பது வரை உங்கள் செலவு என்று அர்த்தம். அந்த வரி எவ்வளவு என்று கேட்டால் பலர் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கடைசியாகப் பெயர். இங்கே பதிந்த வணிகச்சின்னம் இந்தியாவுக்குள்தான் செல்லும். வணிகச்சின்னப் பதிவுக்கான சர்வதேச ஒப்பந்தமான மாட்ரிட் நெறிமுறையில் 2013-இல் இந்தியா சேர்ந்ததிலிருந்து, இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் அதன் உறுப்பு நாடுகள் பலவற்றில் பதிவு கேட்கலாம். செலவுக்குப் பயந்து பலரும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்குள் அங்கே சரக்கு எடுக்கும் முகவரே அந்தப் பெயரைத் தன் பெயரில் பதிந்துவிட்டதை மூன்று முறை பார்த்துவிட்டேன். அதில் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர், தன் பாட்டி பெயரில் இங்கே விற்கும் ஊறுகாயை அங்கே மட்டும் வேறு பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.