போர்ட்ரெயிட் படத்துக்குக் கருத்து கேட்பதும் சொல்வதும்

ஒருவரின் முகத்தை முதன்மையாக வைத்து எடுக்கும் போர்ட்ரெயிட் படத்தைப் பார்த்துச் சொல்லும் ‘சூப்பர்’, ‘ஏதோ குறையுது’ இரண்டுமே படம் எடுத்தவருக்குப் பயன்படாது. படத்தில் எந்த இடம், அது ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை எதை மாற்றுவது என்ற மூன்றையும் சொன்னால்தான் அவருக்கு வேலைக்கு ஆகும்.

கருத்து கேட்பவரானால் ஒரே ஒரு படத்தைக் கொடுங்கள். பத்துப் படம் கொடுத்தால் ‘மூணாவது நல்லாருக்கு’ என்பதற்கு மேல் எதுவும் வராது. லென்ஸ், அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்), ஷட்டர் வேகம், வெளிச்சம் வந்த திசை ஆகியவற்றைக் கூடவே எழுதுங்கள். என்ன நினைத்து எடுத்தீர்கள் என்பதை மட்டும் முதல் கருத்து வந்தபிறகு சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால், படத்தில் இல்லாததும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்!

கருத்து சொல்பவரானால் படத்தை முதலில் சிறிதாக வைத்துப் பாருங்கள். பார்வை முகத்துக்குப் போகாமல் பின்னாலுள்ள வெள்ளைச் சுவருக்குப் போனால் அதுதான் முதல் குறிப்பு. பிறகு 100 சதவீதம் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள்.

இங்கேதான் பலர் தவறான வைத்தியம் சொல்கிறார்கள். கண் மங்கி, காதோர முடி கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் பின்னால் விழுந்திருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். ஆள் லேசாகச் சாய்ந்தாலே கண் அந்த ஆழத்திலிருந்து தப்பிவிடும். எஃப்/4 வைத்தால் அந்த ஆழம் இரு மடங்குக்கு மேல் ஆகும். எங்குமே கூர்மை இல்லாமல், கண்ணிலுள்ள ஒளிப்புள்ளி ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் அது அசைவு. அதற்கு ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கு ஏற்றச் சொல்லுங்கள்.

மூக்கு பெரிதாகத் தெரிந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள், காரணம் தூரம். அரை மீட்டரில் நின்றவர் ஒன்றரை மீட்டருக்குத் தள்ளிப் போகட்டும். கண்குழி கறுத்திருந்தால் வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்திருக்கிறது. தாடைக்கு அடியில் பச்சை ஏறியிருந்தால் புல்தரையின் எதிரொளி. அதற்காக ஒயிட் பேலன்ஸை (படம் முழுதின் வண்ணச் சாயலை) மாற்றினால் முகம் முழுக்க மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு) ஏறும். அந்த இடத்தை மட்டும் திருத்த வேண்டும்.

படத்திலுள்ளவரின் நிறம், பல், எடை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ‘எனக்குக் கறுப்பு வெள்ளை பிடிக்கும்’ என்பது ரசனை. ரசனை என்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் படத்துக்குக் கருத்து வரும்போது பதில் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். ‘அன்னைக்கு நேரமில்லை’ என்ற விளக்கம் படத்தோடு சேர்ந்து போகாது. பிறகு இரண்டாகப் பிரியுங்கள்: க்ராப் (ஓரங்களை வெட்டுவது), வண்ணம், மெழுகு பூசியதுபோல ஆன தோல் எல்லாம் எடிட்டிங்கில் சரியாகும், ஃபோகஸ், தூரம், வெளிச்சத்தின் திசை ஆகியவற்றுக்கு மறுபடி எடுத்தே ஆகவேண்டும்.

மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது என்று நம்பலாம். அவர்கள் சொல்லும் திருத்தத்தை அப்படி நம்ப முடியாது. முகம் எடுபடவில்லை என்று ஒருவர் பின்னணியை இருட்டாக்கச் சொல்வார், இன்னொருவர் முகத்துக்கு வெளிச்சம் கூட்டச் சொல்வார். இரண்டையும் தனித்தனிப் பிரதியில் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.