உரோமத்தோல் வணிக வரலாற்றாசிரியர் ஆவதற்கு நீலகிரியிலிருந்து ஒரு வழி

வட அமெரிக்க உரோமத்தோல் வணிகத்தைத் தம் ஆய்வுத்துறையாகக் கொள்ள விரும்பும் உதகமண்டலத்து மாணவர், முதலில் தம் மலையின் பண்டமாற்றைப் படிக்க வேண்டும். தோடரின் நெய்யும் கோத்தரின் இரும்புக் கருவிகளும் படுகரின் தானியமும் குறும்பரின் தேனும் தலைமுறைகளாகக் கைமாறியபோது, உறவும் கடமையும் சடங்கும் அவற்றோடு சேர்ந்தே கைமாறின. இதை உணர்ந்தவருக்கு, கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கிரீ பழங்குடி மக்கள் ஐரோப்பிய வணிகரோடு பேரத்துக்கு முன் பரிசு மாற்றிக்கொண்டதும் புகைக்குழாயைப் பகிர்ந்துகொண்டதும் வெறும் சம்பிரதாயமாகத் தோன்றாது.

இளங்கலை, முதுகலை வரலாற்றுக்குப் பின் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவது நல்லது. கல்லூரியில் படிக்கும் காலத்திலேயே பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் பிரான்ஸின் குடியேற்றமாக இருந்த நியூ பிரான்ஸின் ஆவணங்கள் அம்மொழியில் உள்ளன. பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கும் பயிற்சிக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகமே போதும்: நீலகிரி 1868இல் தனி மாவட்டமாகும் முன் கோயம்புத்தூர் ஆட்சியர்கள் எழுதிய வருவாய்க் கடிதங்களை அங்கு பார்க்கலாம்.

உண்மையான உழைப்பு கணக்கேடுகளில்தான் இருக்கிறது. 1670இல் அரச பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் ஏடுகள் இன்று கனடாவின் வின்னிபெக் நகரில் உள்ளன. பீவர் என்னும் நீர்நிலைக் கொறிவிலங்கில் வளர்ந்த ஒன்றின் பழுதற்ற குளிர்காலத் தோல் ஒன்றை 'மேட் பீவர்' என்னும் கணக்கலகாகக் கொண்டு, துப்பாக்கி, கம்பளி, கெண்டி அனைத்துக்கும் விலை குறித்தார்கள். நிறுவனத்தின் லண்டன் தலைமையகம் விதித்த விலைப்பட்டியல் ஒன்று. கோட்டை எனப்பட்ட வணிக நிலையத்தில் இருந்த வணிகர் உண்மையில் வாங்கிய தோல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அதைவிட அதிகம். அந்த மிகுதியை ஆண்டுதோறும் கணக்கிட்டுப் பாருங்கள். எந்த ஆண்டில் யாருடைய கை ஓங்கியிருந்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சான்று அரிது என்பது என் உறுதியான கருத்து. தோலைப் பதப்படுத்தியும் மொழிபெயர்த்தும் இவ்வணிகத்தைத் தாங்கிய பெண்களின் பெயர்கள் ஏட்டில் அரிதாகவே வருகின்றன. நாட்குறிப்புகளிலும் வாய்மொழி வழக்காறுகளிலும் அவர்களைத் தேடிச் சேர்ப்பது ஆய்வாளரின் கடமை.

வேலைவாய்ப்பு குறுகியது. இந்தியாவில் கல்லூரி ஆசிரியப் பணியே முதன்மை வழி. கனடாவில் அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் உண்டு; முதற்குடி மக்களின் நில உரிமை, உடன்படிக்கை வழக்குகளில் வல்லுநர் சாட்சிகளாக வரலாற்றாசிரியர்கள் அழைக்கப்படுவதும் உண்டு. அங்கு எதிர்த்தரப்பு ஒவ்வொரு கூற்றுக்கும் ஏட்டையும் பக்கத்தையும் கேட்கும் என்பதால், குறிப்பெடுக்கத் தொடங்கும் நாள் முதலே ஆவண எண்ணைத் தவறாமல் எழுதி வையுங்கள்.