மாடியில் சம்பங்கி: கிழங்கு நேர்த்தி முதல் பூ வரை, உயிர் உரத்தில்

பை, செம்மண், தென்னை நார்க்கழிவு எல்லாம் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிடுங்கள். அதிலுள்ள உப்பு போகவேண்டும்.

முதல் வேலை தொழு உரத்தைத் தயார் செய்வது. எல்லாரும் அவசரப்படும் இடமும் இதுதான். பச்சைச் சாணத்தையோ பாதி மக்கிய எருவையோ பையில் போட்டால் உள்ளே சூடேறி, முளைக்கும் முன்பே கிழங்கு அழுகிவிடும். நன்றாக மக்கிய எரு 10 கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) 100 கிராம் கலந்து, கொஞ்சம் வெல்லத் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் எவ்வளவு? ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கில் சொட்டக்கூடாது. நனைத்த சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். முதலில் வெள்ளை நூல் படரும், அப்புறம் அங்கங்கே பச்சைத் திட்டு வரும். பூசணம் பிடித்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், நமக்கு வேண்டியதே அதுதான். 15 நாளில் தயார்.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, இந்த எரு ஒரு பங்கு. 12 அங்குலப் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. சம்பங்கிக்கு வேர்முடிச்சு நூற்புழு பெரிய தொல்லை என்பதால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருக்கட்டும். சுண்டைக்காய் அளவுப் பக்கக் கிழங்கு மலிவாகக் கிடைக்கும்; ஆனால் முதல் வருடம் இலைதான் காட்டும். ரகத்தில் என் ஓட்டு பிரஜ்வல் என்ற சிங்கிள் (ஓரடுக்கு இதழ்) ரகத்துக்கு. மாலைக்கும் உதிரிப் பூவுக்கும் சிங்கிள் ரகம்தான் சரி, டபுள் (பல அடுக்கு இதழ்) ஜாடிக்கு அழகு.

அடுத்து நேர்த்தி. உப்பில்லாத, ஆறிய வடிகஞ்சி அரை டம்ளர், அதில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற இரண்டு நுண்ணுயிர் உரங்கள் இரண்டு ஸ்பூன் வீதம். கிழங்கைப் புரட்டி எடுத்து அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே நடுங்கள். முதலாவது காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும். இரண்டாவது மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அமிலம் சுரந்து கரைத்துவிடும். இரண்டும் உயிருள்ளவை. சூடான கஞ்சி, வெயில், மாடித் தொட்டியின் கொதிக்கிற தண்ணீர், எது பட்டாலும் செத்துப்போகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால், அகல வாளியில் ஒரு இரவு வைத்து ஊற்றுங்கள். பொடியைவிட திரவ உயிர் உரம்தான் எனக்குப் பிடிக்கும்; கூடுதல் நாள் தாங்கும், வேளாண் விரிவாக்க மையத்திலும் கிடைக்கும். எதை வாங்கினாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

நடுவதற்கு ஜூன், ஜூலை நல்ல பருவம். பைக்கு இரண்டு கிழங்கு, நுனி மேலே பார்க்க, ஒரு அங்குல ஆழம். வேம் (VAM, வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை உரம்) கிடைத்தால் ஒரு ஸ்பூன் குழிக்குள் கிழங்குக்கு அடியில் போடுங்கள், மேலே தூவினால் பயனில்லை. அது வேரைத் தொட்டால்தான் பிடிக்கும். நட்டதும் ஒரு தண்ணீர், முளை தெரியும்வரை ஈரம் காயாத அளவுக்கு மட்டும்.

பிறகு மாதம் ஒருமுறை பைக்கு ஒரு பிடி மண்புழு உரம், 15 நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீரில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று, மூன்றரை மாதத்தில் பூந்தண்டு எட்டிப் பார்க்கும்.

பின்சேர்க்கை: "இலை புல் மாதிரி மண்டிக் கிடக்கு, பூவே இல்லை" என்று பலர் எழுதியிருந்தீர்கள். கிழங்கு சரியான அளவாக இருந்தால், பெரும்பாலும் கடலைப் புண்ணாக்குக் கரைசல் அதிகமாகியிருக்கும், இல்லாவிட்டால் வெயில் போதாது. கரைசலை நிறுத்திவிட்டு, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடத்துக்குப் பையை நகர்த்துங்கள்.

இன்னொருவர் தூர் அழுகலுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றிவிட்டு, மறுநாளே டிரைக்கோடெர்மா போட்டிருக்கிறார். அந்த மருந்து அதையும் சேர்த்துக் கொல்லும். அழுகியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து, எருவில் பெருக்கிய டிரைக்கோடெர்மாவைத் தூரைச் சுற்றிப் போடுங்கள்.